ஓட விட்டும் அடங்காத பிள்ளைகள்: டே கேரில் விளையாட்டும் கைவேலையும்

டே கேருக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு கணக்குப் போடுவார்கள். பிள்ளைகளை நன்றாக ஓட விட்டால் களைத்து அடங்கிவிடும் என்பது அந்தக் கணக்கு. நடக்காது. அரை மணி நேரம் ஓடிப் பிடித்து விளையாடிய மூன்று வயதுப் பிள்ளை களைப்பில் வந்து உட்காராது. முகம் சிவந்து, இன்னும் வேகம் ஏறி, பக்கத்தில் இருக்கிற பிள்ளையைக் கடிக்கும். ஏறிய வேகத்தை இறக்குவதற்குத் தனியாக வேலை வேண்டும்: இழுப்பது, தள்ளுவது, தூக்கிச் சுமப்பது, பிசைவது, கிழிப்பது. அதனால் காலை வேளையை ஓட்டம், பாரம், கைவேலை என்ற வரிசையில் அமைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் பாரத்தைத்தான் பெரும்பாலான இடங்களில் விட்டுவிடுகிறார்கள். ஓட்டத்திலிருந்து நேராகப் படம் வரையக் கூப்பிட்டால் கிரேயான் காற்றில் பறக்கத்தான் செய்யும்.

இங்கே சொல்வது கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீடுகளில் நடக்கும் சிறிய டே கேர்களுக்குப் பொருந்தும். ஒரு ஹால், ஒரு வராந்தா, முடிந்தால் வாசலோ மொட்டை மாடியோ, 2 முதல் 5 வயது வரை பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், பெரியவர்கள் இரண்டு பேர். அங்கன்வாடியிலும் இதையே செய்யலாம். இங்கே தேவைப்படும் சாமான்கள் பெரும்பாலும் எந்த வீட்டிலும் கிடக்கிறவைதான்.

2019-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 3, 4 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடம்பை அசைத்திருக்க வேண்டும்; அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படியான ஆட்டமாக இருக்க வேண்டும். அந்த 60 நிமிடத்தை ஒரே மூச்சில் தீர்க்கப் பார்க்காதீர்கள். நம் ஊர் வெயிலில் அது முடியாது, தேவையும் இல்லை. 15 நிமிடமாக நான்கு தடவை போதும்.

முதலில் தரையைப் பாருங்கள்

மார்ச் முதல் ஜூன் வரை வெளி ஆட்டம் காலை 10 மணிக்குள் முடிய வேண்டும். கத்திரி வெயில் நாட்களில் 9.30-க்கே உள்ளே வந்துவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று திரும்பி உடம்புக்கு இதமாக இருந்தாலும் மொட்டை மாடித் தளம் அதற்குள் ஆறியிருக்காது. உங்கள் உள்ளங்கையைத் தரையில் வைத்து மெதுவாக ஐந்து எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் கையை எடுக்கத் தோன்றினால் பிள்ளைகளுக்கு அந்தத் தரை வேண்டாம்.

புதுச்சேரியின் பழைய வீடுகளில் இருக்கும் சிவப்பு ஆக்சைடு தரை பார்க்க அழகு. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அதுவே சறுக்கு மரம். உள்ளே ஓட்டம் என்றால் எப்போதும் வெறுங்கால்தான்; சாக்ஸ் போட்டுக்கொண்டு வரும் பிள்ளைக்கு வாசலிலேயே கழற்றி விடுங்கள். தண்ணீர் குடிக்கும் இடம் ஓடும் பாதையில் இருக்கக் கூடாது. தம்ளர் சிந்தும் இடத்தில்தான் பிள்ளை விழும்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் தண்ணீர் கொடுங்கள். ‘யாருக்குத் தாகம்?’ என்று கேட்காதீர்கள். விளையாட்டு மும்முரத்தில் ஒரு பிள்ளையும் கை தூக்காது.

ஓட்டம்: யாரும் அவுட் ஆகக் கூடாது

நம் பழைய விளையாட்டுகள் அருமையானவை. ஆனால் அவை ஆறேழு வயதுக்கு மேற்பட்ட தெருப் பிள்ளைகள் தங்களுக்குள் ஆடியவை. அப்படியே எடுத்து மூன்று வயதுக்குப் போட்டால் இரண்டு இடத்தில் இடிக்கும். தோற்றவர் வெளியே உட்கார வேண்டும் என்பது ஒன்று. எந்தப் பிள்ளைக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அதுதான் அவசரப்பட்டு முதலில் அவுட் ஆகும். அப்புறம் ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் காலை நீட்டும். தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ‘எந்த நேரத்திலும் எத்தனை பேர் அசைந்துகொண்டிருப்பார்கள்?’ என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்குக் கீழே போனால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

குலை குலையா முந்திரிக்காயை எடுத்துக்கொள்வோம். வட்டமாக உட்கார்ந்திருக்க, ஒரு பிள்ளை துணியோடு சுற்றி வந்து யார் முதுகுக்குப் பின்னாலோ போட்டுவிட்டு ஓடும். பன்னிரண்டு பேர் வட்டத்தில் இரண்டு பேர் ஓட, பத்துப் பேர் சும்மா இருப்பார்கள். இப்படி மாற்றுங்கள்:

1. ஆறு ஆறு பேராக இரண்டு வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு பெரியவர்.
2. உட்கார வைக்காமல் நிற்க வையுங்கள். பாட்டு நடக்கும்போது நிற்கிறவர்கள் இடத்திலேயே குதிக்கலாம், கை தட்டலாம்.
3. துணி விழுந்ததும் துரத்த வேண்டாம். வட்டத்தில் இருக்கும் எல்லோரும் கை கோத்து ஒரு சுற்று ஓட வேண்டும். துணி கிடைத்த பிள்ளை அடுத்துச் சுற்றி வரும்.
4. ஆறு பேருக்கும் ஒருமுறை வந்ததும் நிறுத்திவிடுங்கள். இன்னொரு தடவை என்று கெஞ்சும்போதே நிறுத்தினால்தான் நாளைக்கும் கேட்பார்கள்.

பெயரைப் பார்த்துவிட்டு யாரும் உண்மையான முந்திரிக் கொட்டையை ஆட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் பருவத்தில் பச்சைக் கொட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வரும். அதன் ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து போகும். அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் இன்னும் மோசம். காலையில் பையைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

கல்லா மண்ணா இந்த வயதுக்குச் சுலபமாகப் படியும். தரையில் நான்கைந்து பழைய பாய்களை விரித்து ‘கல்’ என்று வைத்துக்கொள்ளுங்கள், மீதித் தரை மண். ‘மண்’ என்றால் இறங்கி ஓட வேண்டும், ‘கல்’ என்றால் ஏதாவது பாயில் ஏற வேண்டும். பிடிக்கிற ஆள் தேவையே இல்லை. வழுக்கும் தரையில் பாய் நழுவும். அடியில் ஈரத் துணியைப் போடாமல் நான்கு மூலையிலும் அகலமான டேப் ஒட்டுங்கள்.

சிக்னல் விளையாட்டும் அப்படித்தான். புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை சிக்னல்கள் அப்பா வண்டியின் முன்னால் நின்று பார்த்துப் பழக்கம். பச்சைத் துணியைக் காட்டினால் ஓட்டம், சிவப்புக்கு நிறுத்தம். இதில் நீங்கள் சேர்க்க வேண்டியது மஞ்சள்: மஞ்சள் காட்டினால் ஆமை மாதிரி மெதுவாக நடக்க வேண்டும். ஓடும் உடம்பை மெதுவாக்கிக் காட்டுவது சட்டென்று நிற்பதைவிடக் கஷ்டம். முதல் நாள் யாருக்கும் வராது. ஒரு வாரத்தில் வந்துவிடும்.

தட்டாமாலை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். சுற்றுவது பிள்ளைகளுக்கு உயிர். ஆனால் சாப்பிட்ட உடனே வேண்டாம், கை கோத்து இரண்டு பேராக வேண்டாம். ஒருவர் கையை விட்டால் மற்றவர் பின்மண்டை தரையில். ஒரு பக்கம் ஐந்து சுற்று, மறுபக்கம் ஐந்து சுற்று, பிறகு உட்கார வைத்துவிடுங்கள்.

பாரம்: சப்பரம் இழுப்போம்

இதுதான் இந்தக் கட்டுரையின் நடுநாயகம். மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கோ வைத்திக்குப்பத்துக்கோ சாமி வந்து தீர்த்தவாரி நடப்பதைத் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கும் பிள்ளைகளுக்கு ஊர்வலம் என்றால் விளக்கமே தேவைப்படாது. பார்க்காத பிள்ளைகளும் பத்தாவது வினாடியில் சேர்ந்துகொள்வார்கள்.

தேவையானவை: மிக்ஸியோ கிரைண்டரோ வந்த கெட்டியான அட்டைப்பெட்டி ஒன்று, பழைய பருத்திச் சேலை ஒன்று, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் ஐந்து, பழைய கோணி, அகலமான டேப்.

1. பெட்டியின் மேல் மூடிகளை வெட்டிவிட்டு, வெட்டிய ஓரம் முழுக்க டேப் ஒட்டுங்கள். அட்டை ஓரமும் கையைக் கிழிக்கும்.
2. முன்பக்கத்தில் தரையிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் இரண்டு துளை போடுங்கள். துளை மேலே இருந்தால் இழுக்கும்போது பெட்டி முன்னால் கவிழும். துளையைச் சுற்றி உள்ளும் புறமும் டேப் ஒட்டாவிட்டால் இரண்டாம் நாளே கிழிந்துவிடும்.
3. சேலையை நீளவாக்கில் கிழித்து, மூன்று பட்டையாகப் பின்னுங்கள். பெட்டிக்கு வெளியே இரண்டரை மீட்டர் நீண்டால் போதும். நைலான் கயிறு உள்ளங்கையைச் சுடும், தேங்காய் நார்க் கயிறு குத்தும்.
4. கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். ஒரு முடிச்சுக்கு ஒரு பிள்ளை. முடிச்சு இல்லாவிட்டால் எல்லோரும் முன்னால் நிற்கத்தான் அடித்துக்கொள்வார்கள்.
5. பெட்டிக்கு அடியில் கோணியை ஒட்டுங்கள். சிமெண்டுத் தரையில் அட்டை தேயாது, ஆக்சைடு தரையில் அதிகம் வழுக்காது.
6. பாட்டில்களைத் தண்ணீர் நிரப்பி, மூடியை டேப் போட்டு இறுக்கி உள்ளே படுக்க வையுங்கள். மேலே ஒரு பொம்மை.

நான்கு பேர் இழுக்க, இரண்டு பேர் பின்னால் தள்ள, ஹாலின் மறுமுனையில் விரித்திருக்கும் நீலப் போர்வைதான் கடல். போய்ச் சேர்ந்ததும் தீர்த்தவாரி. அப்புறம் இழுக்கிறவர்கள் பின்னால், தள்ளுகிறவர்கள் முன்னால் என்று இடம் மாறித் திரும்பி வர வேண்டும். ஐந்து கிலோ போதாமல் சப்பரம் ஓடினால் இன்னும் இரண்டு பாட்டில் சேருங்கள். மெதுவாக, மூச்சுப் பிடித்து இழுக்க வேண்டும். ஓட ஆரம்பித்தால் எடை குறைவு என்று பொருள்.

பிள்ளையை உள்ளே உட்கார வைக்காதீர்கள். ஒன்று ஏறினால் பன்னிரண்டும் ஏறும், நான்காவது பிள்ளையோடு பெட்டி சாயும். ஆட்டம் முடிந்த கையோடு கயிற்றைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுங்கள். தரையில் கிடக்கும் கயிறு யார் கழுத்துக்காவது மாலையாகும்.

இடம் குறைவாக இருந்தால் மூட்டை சுமப்பது. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, 15-க்கு 20 செ.மீ. அளவில் பை தைத்து, கழுவிக் காயவைத்த மணலைப் போட்டு இரட்டைத் தையல் போடுங்கள். ஒரு பை ஒரு கிலோ. முழுக்க நிரப்பினால் கல் மாதிரி ஆகிவிடும், தூக்கி எறிந்தால் மண்டை உடையும். முக்கால் பங்கு போதும், பை தொளதொளவென்று கையில் படிய வேண்டும். அரிசி போட்டால் ஒரு மாதத்தில் வண்டு வரும். மூன்று வயதுப் பிள்ளையின் எடை 12, 14 கிலோ இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரு தடவைக்குச் சுமக்க வைக்க வேண்டாம். ‘கடலூர் துறைமுகத்தில் கப்பல் வந்திருக்கு, மூட்டை இறக்கணும்’ என்று ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மாற்றச் சொல்லுங்கள். எல்லாம் இறக்கியாகிவிட்டதா? இப்போது லாரியில் ஏற்ற வேண்டும், திரும்ப அதே மூலைக்கு. பெரியவர்களுக்குத்தான் இது அசட்டுத்தனமாகத் தெரியும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை கொட்டும் நாட்களில் வெளியே போக வழியில்லை. அன்றைக்குக் காலை முழுவதும் பாரத்தையே இரண்டு மடங்காக்கிக்கொள்ளலாம்: சுவரைத் தள்ளுவது (‘சுவர் விழப் போகுது, எல்லோரும் பிடிங்க’ என்று பத்து எண்ணும்வரை), தலையணைகளை அடுக்குவது, நண்டு நடை, பாயைச் சுருட்டித் தூக்குவது. மழை நாளில் பாட்டுப் போட்டு ஆட விடுவது எல்லோரும் செய்வதுதான். ஒரு பாட்டு போதும். நான்கு பாட்டு ஓடினால் சாப்பாட்டு நேரத்தில் தெரியும்.

கை வேலைக்கு உட்காரும் முன்

பாரம் முடிந்து கை கழுவி, தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் கழித்து உட்கார வையுங்கள். மூன்று வயதுப் பிள்ளை ஒரு கைவேலையில் ஏழெட்டு நிமிடம் இருந்தால் அதுவே நல்ல நாள். அதனால் எல்லாச் சாமானையும் முன்கூட்டியே தட்டில் பிரித்து வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டுக் கத்தரிக்கோல் தேடினால் அந்த ஏழு நிமிடமும் தேடுவதிலேயே போய்விடும்.

ஒரு அளவுகோல். 3 செ.மீ.க்குக் குறைவான எதையும், அதாவது பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டத்துக்குள் நுழையும் எதையும், மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை இருக்கும் அறையில் வைக்காதீர்கள். புளியங்கொட்டை, மணி, பொத்தான், பாட்டில் மூடி, தெர்மாகோல் உருண்டை எல்லாம் இதில் அடங்கும். பலூன் வேண்டவே வேண்டாம். வெடித்த துண்டு தொண்டையை அடைத்தால் எடுப்பது மிகக் கடினம். குன்றிமணி பார்க்கக் கொள்ளை அழகு, உள்ளே கடும் விஷம். பூ ஒட்டுகிற வேலைக்குத் தெருவோரத்தில் பறித்த அரளியைக் கொடுத்துவிடாதீர்கள். இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். செம்பருத்தி, சங்குப்பூ, சாமந்தி போதும்.

மாவு பிசைதல்

ஒரே ஒரு கைவேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கடையில் விற்கும் வண்ணக் களிமண்ணைவிட இது பெரிய உருண்டையாகக் கிடைக்கும், பெரிய உருண்டையைப் பிசையத்தான் கைக்கு வேலை அதிகம்.

அளவு (200 மில்லி தம்ளரில், பத்துப் பிள்ளைகளுக்கு): மைதா 2 தம்ளர், தூள் உப்பு 1 தம்ளர், தண்ணீர் 2 தம்ளர், சமையல் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள் தூளோ, தண்ணீருக்குப் பதில் பீட்ரூட் வேகவைத்த தண்ணீரோ.

எல்லாவற்றையும் அடுப்பில் வைக்கும் முன்பே அடிகனமான வாணலியில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். சிறு தீயில் விடாமல் கிளறினால் நான்கைந்து நிமிடத்தில் அல்வா மாதிரி சுருண்டு வரும். நடுவில் விரலால் தொட்டால் ஒட்டாமல் இருக்க வேண்டும். இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் நீங்களே மூன்று நிமிடம் பிசையுங்கள். முழுக்க ஆறிய பிறகுதான் பிள்ளைகளிடம் போக வேண்டும். வெளியே ஆறியிருந்தாலும் உருண்டையின் உள்ளே சூடு நிற்கும், பிய்த்துப் பாருங்கள்.

எங்கே கெடுகிறது? கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் வேகவில்லை, திரும்ப அடுப்பில் ஒரு நிமிடம். உதிர்ந்தால் அதிகம் வெந்துவிட்டது. ஒரு கரண்டி எண்ணெயும் சில சொட்டு வெந்நீரும் விட்டுப் பிசைந்தால் சேரும். நறநறவென்றால் கல் உப்பு போட்டிருக்கிறீர்கள். மழைக்காலத்தில் நன்றாக இருந்த மாவே மறுநாள் நீர் விட்டுக்கொள்ளும். கடற்கரை ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்தை உப்பு இழுப்பதுதான் காரணம். இறுக்கமான டப்பாவில் வைத்து, எடுக்கும்போது உலர்ந்த மைதாவில் ஒரு புரட்டுப் புரட்டினால் சரியாகும். வெளியில் ஒரு வாரம், ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று வாரம் தாங்கும். புளித்த வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள். தெரு நாய்க்கு மட்டும் வைத்துவிடாதீர்கள், அவ்வளவு உப்பு நாயைக் கொல்லும். பிள்ளை ஒரு துளி நக்கினால் முகத்தைச் சுளித்துத் துப்பிவிடும். துப்பாமல் விழுங்கும் பிள்ளைக்கும், கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கும் இந்த வேலை வேண்டாம்.

பொம்மை செய்யச் சொல்லாதீர்கள். முதல் ஒரு வாரம் பிசைவது, பிய்ப்பது, உருட்டுவது, உள்ளங்கையால் குத்துவது மட்டும். சப்பாத்திக் கட்டையும் தேங்காய் ஓடும் கொடுத்தால் போதும். முறுக்கு அச்சு கிடைத்தால் அன்றைக்குத் திருவிழா. அழுத்திப் பிழிவதற்கு இரண்டு கையும் தோளும் சேர்ந்து உழைக்க வேண்டும். நான்கு வயதுக்கு மேல்தான் பிழிய வரும், சின்னவர்களுக்கு நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

கிழித்து ஒட்டும் கிண்ணம்

புதுச்சேரியில் திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மைகளுக்கும் வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. அந்தக் காகித வேலையின் மழலைப் பதிப்பு இது. கிழிப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆசைக்கு நியாயமான வழி கிடைக்கும்.

பசை: மைதா 5 மேசைக்கரண்டியை அரைத் தம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் ஒன்றரைத் தம்ளர் தண்ணீரில் ஊற்றி, இரண்டு நிமிடம் கிளறி ஆறவிடுங்கள். வெந்நீரில் நேராக மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். போஸ்டர் ஒட்டுகிறவர்களிடமோ பைண்டிங் கடையிலோ பசை வாங்காதீர்கள். பூச்சி வராமல் இருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம், அது விஷம்.

1. செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் நேராகப் போகும், மறு திசையில் கோணலாகும். நேராகப் போகும் திசையை நீங்கள் கண்டுபிடித்துத் தொடங்கிவைத்து, இரண்டு விரல் அகலப் பட்டையாகப் பிள்ளைகளைக் கிழிக்கச் சொல்லுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், கையால் கிழித்த ஓரம் மெலிந்து இருப்பதால் நன்றாகப் படியும்.
2. எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, வெளிப்புறம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். எண்ணெய் படாமல் விடுபட்ட இடத்தில் கிண்ணம் கழலாது.
3. முதல் அடுக்குக் காகிதத்தைப் பசையில்லாமல் வெறும் தண்ணீரில் நனைத்து ஒட்டுங்கள். பிறகு பசையோடு இரண்டு அடுக்கு. அன்றைக்கு அதோடு சரி.
4. மறுநாள் இன்னும் இரண்டு அடுக்கு. ஒரேயடியாக ஐந்து அடுக்கு ஒட்டினால் வெளியே காய்ந்து உள்ளே அழுகும்.
5. காய்ந்ததும் மெதுவாகத் திருகிக் கழற்றி, ஓரத்தை நீங்கள் வெட்டிக் கொடுங்கள்.

ஜனவரி முதல் ஜூன் வரை இரண்டு நாள் வெயிலில் கலகலவென்று காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தொடாதீர்கள், பூசணம் பூக்கும்.

அச்சும் நிறமும்

காய்கறி அச்சுக்கு எல்லோரும் உருளைக்கிழங்கைச் செதுக்குகிறார்கள். வீண் வேலை. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பூ, வாழைத்தண்டில் வட்டத்துக்குள் வட்டம், வாழை மட்டையில் தேன்கூடு மாதிரி கட்டம். முற்றிய வெண்டைக்காய்தான் அச்சுக்கு நல்லது. பிஞ்சு நசுங்கிப் போகும். வெட்டியதும் பத்து நிமிடம் துணியில் கவிழ்த்து வைத்துச் சாறு போன பிறகு கொடுங்கள், இல்லாவிட்டால் நிறம் வழுக்கிக் கறையாகும். தட்டில் நிறத்தை ஊற்றாமல், நான்காக மடித்த ஈரத் துணியில் நிறத்தை ஊறவிட்டு அதில் ஒற்றச் சொல்லுங்கள்.

நிறத்துக்கு வேலியில் படரும் நீலச் சங்குப்பூ போதும். 15 பூவை அரைத் தம்ளர் வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு வடிகட்டினால் நீலம். அதில் இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் ஊதா, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் பச்சை கலந்த நீலம். மஞ்சள் கரைசலில் ஆப்ப சோடா போட்டால் செம்மண் நிறம். ஆரத்திக்குச் சுண்ணாம்பு சேர்ப்பதுபோல் இங்கே சேர்த்துவிடாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நிறம் மாறும்போது பன்னிரண்டு பிள்ளைகளும் மூச்சு விடாமல் பார்க்கும். நாளெல்லாம் நிற்காத பிள்ளையும் அந்த அரை நிமிடம் நிற்கும். மஞ்சள் கறை சட்டையிலிருந்து போகாது என்பதை முதல் நாளே அம்மாக்களிடம் சொல்லி, ஒரு பழைய சட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

களிமண், ஓலை, நுங்கு

களிமண் வில்லியனூர்ப் பக்கம் மண்பாண்டம் செய்கிறவர்களிடம் கிடைக்கும். கல் நீக்கிப் பிசைந்த மண் என்று கேட்டு வாங்குங்கள். வயல் மண்ணில் கண்ணாடித் துண்டும் முள்ளும் இருக்கும். ஒரு பிள்ளைக்கு 200 கிராம். சிந்தியதைக் காய்ந்த பிறகு பெருக்காதீர்கள், தூசி கிளம்பும், ஈரத்தோடு துடையுங்கள். கை கழுவுவது வாளித் தண்ணீரில், அந்தத் தண்ணீர் செடிக்கு. வாஷ்பேசினில் ஊற்றினால் பிளம்பர் வருவார். வாளியையும் உடனே காலி செய்து கவிழ்த்துவிடுங்கள். ஒரு சாண் தண்ணீர்கூடச் சின்னப் பிள்ளைக்கு ஆபத்து.

மணல் தொட்டி வைக்கிறவர்கள் எம்-சாண்ட் போடக் கூடாது. துகள் கூராக இருக்கும், தூசியும் அதிகம். இரவில் தார்ப்பாய் போட்டு மூடாவிட்டால் பூனை அதைக் கழிப்பறையாக்கிக்கொள்ளும்.

தென்னை ஓலையில் பாம்பு, காற்றாடி, கைக்கடிகாரம் நீங்கள் செய்து கொடுக்கலாம். ஈர்க்கை உருவி எடுத்து முதலில் குப்பையில் போடுங்கள், கண்ணைக் குத்தும். ஓலையை நீளமாகக் கிழிப்பது பிள்ளைகளின் பங்கு. தை மாதம் ஆற்றுத் திருவிழா முடிந்த வாரத்தில் காற்றாடிக்குத் தனி மவுசு. அப்போது செய்தால் நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்களே சொல்வார்கள்.

நுங்குக் காலத்தில் நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நுங்கு வண்டி. ஒரே அளவான இரண்டு கூந்தலை, அதாவது நுங்கைத் தோண்டி எடுத்த பனங்காயை, 30 செ.மீ. குச்சியின் இரு முனையிலும் செருகுங்கள். குச்சி வெளியே 2 செ.மீ.க்கு மேல் நீட்டக் கூடாது. நடுவில் கவட்டைக் குச்சியை வைத்துத் தள்ள வேண்டும், பிள்ளையின் மார்பு உயரத்துக்கு இருந்தால் போதும். கையில் பிடிக்கும் முனையில் துணி சுற்றுங்கள். கூந்தல் அளவு ஒன்றுபோல் இல்லாவிட்டால் வண்டி வட்டமடிக்கும். தள்ளும் வேலை என்பதால் இதுவும் பாரக் கணக்கில் சேரும், ஓட்டக் கணக்கிலும் சேரும். மூன்று நாளில் ஈ மொய்க்க ஆரம்பிக்கும், அதற்குள் தூக்கிப் போட்டுவிடுங்கள். குச்சிகளைக் கழுவிக் காயவைத்தால் அடுத்த நுங்குக்கு ஆகும்.